பணத்தைப் பணயம் வைத்தால் பழக்கம் நிலைக்குமா?

மாசி மாதம். மகா சிவராத்திரிக்கு முந்தின நாள். கன்னியாகுமரி மாவட்டம் முன்சிறை அருகே உள்ள திருமலை மகாதேவர் கோயில் வாசலில் கூட்டம் திரளுகிறது. இடையில் காவி வேட்டி. கையில் பனை ஓலை விசிறி. "கோவிந்தா! கோபாலா!" என்ற முழக்கம் வானை எட்டுகிறது. சிவன் கோயில்களை நோக்கி ஓடுகிறவர்கள் திருமாலின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடுவது இந்த மண்ணுக்கே உரிய வழக்கம்.

திருமலையில் தொடங்கும் ஓட்டம் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகச் சென்று திருநட்டாலத்தில் முடிகிறது. மொத்தம் 12 சிவாலயங்கள். தூரம் 100 கிலோமீட்டருக்கு மேல். இப்போது வாகனங்களில் போகிறவர்களும் உண்டு. ஆனால் காலால் ஓடி முடிக்கிறவர்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கால் வீங்கும். பாதம் கொப்பளிக்கும். இருந்தாலும் பாதியில் நிற்க மனம் வராது.

இப்படி ஓடி முடித்த ஒருவரிடம் அடுத்த மாதம் மருத்துவர் சொல்லுகிறார்: "தினமும் காலையில் அரை மணி நேரம் நடந்தால் போதும்."

நடப்பாரா? இரண்டு நாள் நடப்பார். மூன்றாம் நாள் மழை. நான்காம் நாள் கல்யாண வீடு. ஐந்தாம் நாள் படுக்கையை விட்டு எழ மனம் வராது!

ஒரு பகலும் இரவும் 12 கோயில்களைச் சுற்றிய அதே கால்கள்தான். அரை மணி நேரம் நடக்க மட்டும் ஏன் மறுக்கின்றன?

"நாளை" என்னும் நோய்

கால்களின் மேல் குற்றம் இல்லை. ஓட்டத்துக்கு உரிய மூன்று விஷயங்கள் நடைக்கு இல்லை.

சிவராத்திரிக்குத் தேதி உண்டு. அன்று ஓடாவிட்டால் அடுத்த ஆண்டுதான். இரண்டாவது, சாட்சி உண்டு. மாலை போட்டு விரதம் இருந்ததை ஊரே பார்த்திருக்கிறது. மூன்றாவது, நின்றால் நஷ்டம் உண்டு. நேர்ச்சை தவறிவிட்டதே என்ற மன உறுத்தல் லேசில் விடாது.

காலை நடைக்கு இந்த மூன்றும் இல்லை. இன்று விட்டால் நாளை இருக்கிறது. யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு நாள் நடக்காததால் உடனே ஒன்றும் ஆகிவிடப் போவதும் இல்லை. ஒவ்வொரு "இன்று"ம் அற்பமாகத் தோன்றும். அந்த அற்பங்கள் சேர்ந்துதான் ஓர் ஆண்டு வீணாகிறது.

நடைக்கு மட்டும் இந்தக் கதி அல்ல. வீணை கற்பவர், புதிய மொழி படிப்பவர், பரீட்சைக்குத் தயாராகிறவர், புகையை விட நினைப்பவர், தினமும் தியானம் செய்ய விரும்புகிறவர் எல்லோருக்கும் எதிரி ஒருவனே. அவன் பெயர் "நாளை".

இந்த எதிரியை மடக்க உலகம் முழுவதும் ஒரு தந்திரம் பரவி வருகிறது. சொன்ன சொல்லோடு பணத்தைக் கட்டிப் போடுவதுதான் அது. பயிற்சி செய்தால் பணம் திரும்பி வரும். செய்யாவிட்டால் போய்விடும்.

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? ஆனால் இந்த வேடிக்கையைப் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தராசில் வைத்து நிறுத்திருக்கிறார்கள். மைசூரிலும் சென்னையிலும்கூட இது சோதிக்கப்பட்டிருக்கிறது.

வடசேரியில் ஒரு பந்தயம்

இந்த ஏற்பாடு எப்படி நடக்கும்? வடசேரியைச் சேர்ந்த இரண்டு நண்பர்களை மனத்தில் கற்பனை செய்துகொள்வோம். நாகர்கோவில் அண்ணா விளையாட்டு அரங்கில் காலையில் நடப்பதாக இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள்.

"என்னவே, நேத்து ஆளையே காணோம்?"

"மழையில்லா வே பெஞ்சுது! நாளைக்குக் கண்டிப்பா வாறேன்."

இப்படியே ஒரு மாதம் ஓடிவிடுகிறது. பிறகு இருவரும் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ஆளுக்கு 2,000 ரூபாயை மூன்றாவது நண்பர் ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கெடு 8 வாரம். வாரத்தில் 5 நாள் நடக்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் 250 ரூபாய் போச்சு. அந்தப் பணம் தர்மத்துக்குப் போய்விடும். தவறாமல் நடந்தவருக்குக் கடைசியில் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்.

மறுபடியும் மழை வருகிறது. இப்போது கணக்கு வேறு. குடை 250 ரூபாயைக் காப்பாற்றும்! மனிதர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்.

இங்கே புதிதாக யாரும் பணம் தரவில்லை. பரிசு ஒன்றும் இல்லை. சொந்தப் பணம்தான். கையை விட்டுப் போய், திரும்பி வருமோ வராதோ என்று காத்திருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் "நடந்தால் உடம்புக்கு நல்லது" என்ற தூரத்து லாபம், "நடக்காவிட்டால் இந்த வாரம் நஷ்டம்" என்ற பக்கத்துப் பயமாக மாறிவிட்டது.

இழப்பின் வலி பெரிது

இதற்கு மனோதத்துவ நிபுணர்கள் காரணம் சொல்லுகிறார்கள். டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு அறிஞர்கள் 1979-ம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி புகழ்பெற்றது. நூறு ரூபாய் கிடைத்தால் உண்டாகும் மகிழ்ச்சியைவிட, நூறு ரூபாய் தொலைந்தால் உண்டாகும் வருத்தம் அதிகம். ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று பல சோதனைகளில் தெரியவந்தது. கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

அமெரிக்காவில் டீன் கார்லன் என்ற பொருளாதார அறிஞர், மாணவராக இருந்தபோது தம் நண்பரோடு ஒரு பந்தயம் கட்டினார். இருவரும் உடல் எடையைக் குறைக்க வேண்டும். தவறினால் ஆண்டு வருமானத்தில் பாதியை மற்றவருக்குக் கொடுக்க வேண்டும்! இருவருமே எடையைக் குறைத்தார்கள். பிறகும் எடை ஏறாமல் இருக்கப் பந்தயத்தைத் தொடர்ந்தார்கள். ஒரு சமயம் நண்பரின் எடை எல்லையைத் தாண்டிவிட்டது. கார்லன் என்ன செய்தார் தெரியுமா? தாட்சணியம் பார்க்காமல் பணத்தை வாங்கிக்கொண்டார். "இந்த ஒரு தடவை போகட்டும்" என்று விட்டால், அதற்குப் பிறகு அந்தப் பந்தயத்துக்கு மதிப்பே இராது அல்லவா?

இந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 2007-ல் கார்லனும், யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் அயன் அயர்ஸும் சேர்ந்து ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் மூலம் யார் வேண்டுமானாலும் தமக்குத் தாமே ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். அதில் ஒரு விசித்திரமான வசதியும் உண்டு. தோற்றுப்போனால் பணம் நல்ல காரியத்துக்குப் போவதற்குப் பதிலாக, நமக்கு அறவே பிடிக்காத இயக்கத்துக்குப் போகும்படியும் எழுதி வைக்கலாம்! தர்மத்துக்குத்தானே போகிறது என்று மனம் சமாதானம் அடையக்கூட இடம் இல்லை.

மைசூரும் சென்னையும்

இதெல்லாம் வசதி படைத்தவர்களின் விளையாட்டு என்று தோன்றலாம். அப்படி அல்ல.

மைசூரில் கணினியில் விவரங்களைப் பதியும் வேலை செய்தவர்களிடம் சுப்ரீத் கவுர், மைக்கேல் கிரெமர், செந்தில் முல்லைநாதன் ஆகிய மூவர் 13 மாதம் ஆராய்ச்சி நடத்தினார்கள். அதன் முடிவு 2015-ல் வெளிவந்தது. பதிந்த அளவுக்குக் கூலி என்பது வழக்கமான ஏற்பாடு. அதோடு இன்னொரு ஏற்பாடும் கொடுக்கப்பட்டது. ஊழியர் தமக்குத் தாமே ஓர் இலக்கு வைத்துக்கொள்ளலாம். இலக்கை எட்டினால் வழக்கமான அதே கூலி. எட்டாவிட்டால் பாதிக் கூலி!

இந்த ஏற்பாட்டில் ஊழியருக்குக் காலணா லாபம் இல்லை. நஷ்டத்துக்கு மட்டுமே இடம் உண்டு. யார் ஒப்புக்கொள்வார்கள்? ஆனால் ஏறத்தாழ 100-க்கு 36 தடவை ஊழியர்கள் விரும்பி இதையே தேர்ந்தெடுத்தார்கள். வேலையும் கூடியது. தங்கள் மனம் எந்த நேரத்தில் சோம்பும் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

சென்னையில் நடந்த சோதனை இன்னும் உருக்கமானது. பிராங்க் ஷில்பாக் என்ற பொருளாதார அறிஞர் 229 சைக்கிள் ரிக்‌ஷாத் தொழிலாளிகளைக் கொண்டு மூன்று வாரம் ஆராய்ந்தார். இது 2019-ல் பிரசுரமாயிற்று. ஒரு பகுதியினர் தினமும் வந்து, மூச்சை ஊதிக் காட்டுவார்கள். குடித்திருந்தால் 60 ரூபாய். குடிக்காமல் வந்தால் 120 ரூபாய்.

பிறகு அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. "குடித்தாலும் குடிக்காவிட்டாலும் 120 ரூபாய் நிச்சயம் தருகிறோம். அது வேண்டுமா, அல்லது குடித்தால் 60, குடிக்காவிட்டால் 120 என்ற பழைய ஏற்பாடே வேண்டுமா?"

பாடுபட்டு மிதிக்கிறவருக்கு 60 ரூபாய் சின்னத் தொகை அல்ல. ஆனாலும் ஏறக்குறைய பாதிப் பேர் நிபந்தனை உள்ள ஏற்பாட்டையே கேட்டார்கள். 150 ரூபாய் நிச்சயம் என்று சொன்னபோதும் நிபந்தனையே போதும் என்றவர்கள் இருந்தார்கள்! என்னைக் கட்டிப் போடுங்கள் என்று கேட்பதுபோல அல்லவா இருக்கிறது?

பலன் என்ன? பகலில் குடிப்பது குறைந்தது. சேமிப்பு நன்றாகக் கூடியது. ஆனால் குடி அடியோடு நிற்கவில்லை. மொத்தத்தில் குடித்த அளவு பெரிதாகக் குறையவும் இல்லை, நேரம்தான் தள்ளிப்போயிற்று. பணம் பகலுக்குக் காவல் நின்றது. காவல் இல்லாத நேரத்தில் பழைய பழக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

நாஞ்சில் நாட்டுச் சீட்டு

இந்தத் தந்திரத்தை வெளிநாட்டுப் பேராசிரியர்கள் சொல்லித்தான் நாஞ்சில் நாடு தெரிந்துகொள்ள வேண்டுமா? கன்னிப்பூ அறுவடையும் கும்பப்பூ அறுவடையும் கண்ட இந்த மண்ணில், சொல்லோடு பொருளைக் கட்டிப் போடும் கலை வெகு நாளாக இருக்கிறது. அதன் பெயர் சீட்டு.

சேமிப்பும் ஒரு பயிற்சிதான். தினமும் வீணையைத் தொடுவது போல, மாதந்தோறும் தவறாமல் பணத்தை ஒதுக்க வேண்டும். தனியாகச் செய்தால் தவறிவிடும். இருபது பேர் கூடிச் செய்தால் தவறாது.

உதாரணத்துக்கு ஓர் ஏலச் சீட்டைப் பார்ப்போம். 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், 20 மாதம். மாதந்தோறும் சேரும் தொகை ஒரு லட்சம். அவசரம் உள்ளவர் 80,000 ரூபாய்க்கு ஏலம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தள்ளிய தொகை 20,000. சீட்டு நடத்துகிறவருக்கு 7 சதவீதக் கமிஷனாக 7,000 போனால் மீதி 13,000. இதை 20 பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 650 ரூபாய். ஆகவே அந்த மாதம் ஒருவர் கட்ட வேண்டியது 4,350 ரூபாய்தான்.

தவணை தவறினால்? அந்த 650 ரூபாய் கைவிட்டுப் போகும். தொடர்ந்து தவறினால் சீட்டிலிருந்தே பெயர் நீக்கப்படலாம். சீட்டை எடுத்துவிட்டுக் கட்டத் தவறுகிறவர் நிலை இன்னும் கஷ்டம். எடுக்கும்போதே ஜாமீன் கொடுத்திருப்பார். தவறினால், பாக்கி உள்ள எல்லாத் தவணைகளையும் ஒரே மூச்சில் கட்டும்படி சீட்டு நடத்துகிறவர் கேட்கலாம்.

கார்லனின் ஒப்பந்தத்தில் உள்ள தேதி, சாட்சி, நஷ்டம் மூன்றும் இதில் இருக்கின்றன!

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ந் தேதி தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. சீட்டுக்கென்று தனிச் சட்டம் செய்வதில் முன்னோடியாக இருந்ததும் திருவிதாங்கூர்தான். கொல்லம் ஆண்டு 1094-ல், அதாவது 1918-19-ல், அந்தச் சட்டம் வந்தது. சென்னை மாநிலம் என்ற பெயரோடு இருந்த நம் மாநிலத்தில் 1961-ல் சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுவதற்குமான சட்டம் 1982-ல் உண்டாயிற்று. பணத்துக்குப் பதிலாகத் தானியம் போட்டு நடத்தும் சீட்டையும் அந்தச் சட்டம் சீட்டாகவே கருதுகிறது. நெல் விளையும் நாட்டில் அதற்கு அர்த்தம் உண்டு.

மகளிர் சுய உதவிக் குழுக்களிலும் இதே தத்துவம்தான். கூட்டத்துக்கு வராதவர்களுக்கும் நேரம் தவறி வருகிறவர்களுக்கும் சின்ன அபராதம் விதிப்பது பல குழுக்களில் வழக்கம். ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோதான். ஆனால் அதை எல்லோர் முன்னிலையிலும் வைக்க வேண்டுமே!

சீட்டைக் காப்பாற்றுவது 650 ரூபாய் மட்டும் அல்ல. மற்ற 19 பேரின் முகங்களும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் முகத்தை எடுத்துவிட்டுப் பணத்தை மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

அபராதம் விலையானது

இஸ்ரேல் நாட்டில் ஹைபா என்ற நகரம். அங்கே 10 குழந்தைகள் காப்பகங்களில் யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இருவர் சோதனை நடத்தி 2000-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள்.

மாலையில் குழந்தையை அழைத்துப் போகப் பெற்றோர் தாமதமாக வருகிறார்கள். ஆசிரியை காத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது. ஆகவே 6 காப்பகங்களில் அபராதம் போட்டார்கள். 10 நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் 10 ஷெக்கல்.

தாமதம் குறைந்ததா? இல்லை! ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கூடிவிட்டது!

முன்பு தாமதமாக வந்தவருக்கு வெட்கம் இருந்தது. ஆசிரியையின் முகத்தைப் பார்க்கக் கூசியது. அபராதம் வந்த பிறகு, "பணம் கொடுத்துவிட்டேன், காத்திருக்கட்டும்" என்று மனம் கணக்கை முடித்துவிட்டது. அபராதம் விலையாகிவிட்டது. பிறகு அபராதத்தை எடுத்துவிட்டார்கள். அப்போதும் போன வெட்கம் திரும்பி வரவில்லை. தாமதம் அப்படியே நின்றது.

பணயம் வைக்க நினைக்கிறவர்களுக்கு இது பெரிய எச்சரிக்கை. தொகை சிறியதாக இருந்தால், "இருபது ரூபாய்தானே, கொடுத்துவிட்டுத் தூங்குவோம்" என்று தோன்றும். தூக்கத்துக்கு ஒரு விலை வைத்ததாக முடியும்.

முன்பணம் கட்டிவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. உடற்பயிற்சிக் கூடங்களில் ஆண்டுச் சந்தா கட்டிவிட்டுப் போகாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்! அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் கணக்கை ஸ்டெபானோ டெல்லாவிக்னா, உல்ரிக் மால்மெண்டியர் என்ற இருவர் ஆராய்ந்து 2006-ல் எழுதினார்கள். ஒரு தடவைக்கு 10 டாலர் கொடுத்துப் போகும் வசதி இருந்தது. ஆனால் மாதச் சந்தா கட்டியவர்கள் போனது மிகக் குறைவு. கணக்குப் போட்டால் ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆயிற்று!

கட்டி முடித்த பணம் செத்த பணம். அது நம்மை எழுப்பாது. திரும்பி வரக் காத்திருக்கும் பணம்தான் எழுப்பும்.

ஏழைக்கு ஏற்றதா?

பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டானாவோ தீவில் புகைபிடிக்கிறவர்களுக்கு ஒரு வங்கி மூலம் இந்த ஏற்பாட்டைக் கொடுத்தார்கள். விருப்பம்போல் பணம் போட்டுவரலாம். 6 மாதம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை. தேறினால் பணம் திரும்பும். தோற்றால் தர்மத்துக்குப் போய்விடும். 2010-ல் வெளியான முடிவின்படி, 100 பேரில் 11 பேரே இதற்கு ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இந்த வாய்ப்புக் கொடுக்கப்பட்டவர்களில், கொடுக்கப்படாதவர்களைவிட நூற்றுக்கு 3 பேர் அதிகமாகப் புகையை விட்டார்கள். ஓர் ஆண்டு கழித்துத் திடீரென்று பரிசோதித்தபோதும் அந்த வித்தியாசம் இருந்தது.

அமெரிக்காவில் 2015-ல் வெளியான இன்னொரு பெரிய ஆராய்ச்சியிலும் இதே கதைதான். புகையை விட்டால் பரிசு என்றபோது 100-க்கு 90 பேர் சேர்ந்தார்கள். முதலில் உங்கள் 150 டாலரைக் கட்டுங்கள் என்றபோது 14 பேர்கூடத் தேறவில்லை. ஆனால் கட்டத் துணிகிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பரிசைவிடச் சொந்தப் பணமே வலுவாக வேலை செய்தது.

மருந்து நல்ல மருந்துதான். ஆனால் குடிக்கத்தான் ஆள் இல்லை!

துணிந்து குடித்தவர்களில் எல்லோரும் குணமடைந்தார்களா? இங்கேதான் மனத்தைத் தொடும் விஷயம் இருக்கிறது. அதே பிலிப்பைன்சில் ஆனெட் ஜான் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு சேமிப்பு ஒப்பந்தத்தைச் சோதித்தார். தவணை தவறினால் அபராதம். எவ்வளவு அபராதம் என்பதை அவரவரே முடிவு செய்யலாம். 2020-ல் பிரசுரமான அந்த ஆராய்ச்சியின்படி, ஒப்பந்தம் செய்தவர்களில் 100-க்கு 55 பேர் தவறிவிட்டார்கள். சேமிக்க வந்தவர்கள், கையில் இருந்ததையும் அபராதமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

தம் பலவீனத்தை அறிந்தவருக்கு இந்த ஏற்பாடு கைத்தடி. பாதி மட்டும் அறிந்தவருக்கு அது குழி. குறைந்த அபராதம் போதும் என்று எண்ணினார்கள். அந்தக் குறைந்த அபராதத்தால் அவர்களைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

வீட்டு வாடகையையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் பணயம் வைக்கிறவர் பழக்கத்தோடு விளையாடவில்லை, குடும்பத்தோடு விளையாடுகிறார். அது கூடவே கூடாது.

பணம் விலகிய பிறகு?

கடைசியாக ஒரு கேள்வி. கெடு முடிந்து பணம் கைக்கு வந்துவிட்டது. மறுநாள் காலையில் நடப்பாரா?

அமெரிக்காவில் 57 பேரைக் கொண்டு எடைக் குறைப்புச் சோதனை ஒன்று நடந்தது. 16 வாரத்தில் 16 பவுண்டு குறைக்க வேண்டும். 2008-ல் வெளியான முடிவு: சொந்தப் பணத்தைக் கட்டியவர்கள் சராசரியாக 14 பவுண்டு குறைந்தார்கள். பணம் கட்டாதவர்கள் குறைந்தது 4 பவுண்டுக்கும் கீழே. அபார வெற்றி! ஆனால் 7 மாத முடிவில் மறுபடியும் நிறுத்துப் பார்த்தால், குறைந்த எடையில் பாதிக்கு மேல் திரும்பி வந்திருந்தது.

இதற்கு மாறான கதையும் உண்டு. கேரி சார்னெஸ், யூரி நீசி இருவரும் கல்லூரி மாணவர்களுக்குப் பணம் கொடுத்து ஒரு மாதத்தில் எட்டுத் தடவை உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போக வைத்தார்கள். 2009-ல் வெளியான முடிவின்படி, பணம் நின்ற பிறகும் அவர்கள் முன்னைவிட அதிகமாகப் போனார்கள். முன்பு போய்ப் பழக்கமே இல்லாதவர்களிடம்தான் இந்த மாறுதல் தெரிந்தது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எடை என்பது முடிவு. கூடத்துக்குப் போவது செயல். எடையை எப்படியாவது, பட்டினி கிடந்தாவது குறைத்துவிடலாம். அதனால் பழக்கம் உண்டாகாது. செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால் அது உடம்பில் ஊறுகிறது. ஆகவே பணயத்தை முடிவின் மேல் வைக்காமல் செயலின் மேல் வைப்பதே நல்லது என்று கொள்ளலாம்.

தென் மாவட்டங்களில் பிடி அரிசி என்றால் தெரியாதவர் உண்டா? தேவாலயத்துக்கென்று பல கிறிஸ்தவக் குடும்பங்களில் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பார்கள். இதற்கு அபராதமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கிறது. காரணம், அது தினமும் தவறாத இன்னொரு காரியத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. உலை கொதிக்காத நாள் இல்லை. ஆகவே பிடி எடுக்காத நாளும் இல்லை.

பணயப் பணம் முதல் சில வாரங்களுக்குத் தாங்கு கட்டை. அதற்குள் பழக்கத்தை ஏதாவது ஓர் உலையோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டும். பல் தேய்த்ததும் வீணை. காப்பி குடித்ததும் நடை. விளக்கு ஏற்றியதும் படிப்பு.

செய்து பார்க்க விரும்பினால்

இந்த ஆராய்ச்சிகளிலிருந்தும், நம் சீட்டு வழக்கத்திலிருந்தும் சில பாடங்கள் கிடைக்கின்றன.

தொகை உறுத்த வேண்டும், உருக்குலைக்கக் கூடாது. போனால் ஒரு வாரம் மனம் வலிக்க வேண்டும். ஆனால் அடுப்பு அணையக் கூடாது.

கெடு குறுகியதாக இருக்கட்டும். "இனி என்றென்றும்" என்பதற்குப் பதிலாக "8 வாரம்" என்று தொடங்கலாம்.

வாக்கு தெளிவாக இருக்க வேண்டும். "நன்றாகப் பயிற்சி செய்வேன்" என்பது வாக்கு அல்ல. "வாரம் 5 நாள், தினம் 20 நிமிஷம்" என்பது வாக்கு.

நோயும் சாவும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆகவே முதலிலேயே கொஞ்சம் இடம் விட்டு எழுத வேண்டும். அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஊழியர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஒப்பந்தத்தில், "தொடர்ந்து 14 நாள் கூடத்துக்குப் போகாமல் இருக்க மாட்டேன்" என்பதுதான் நிபந்தனை. எட்டிப் பிடிக்கக்கூடிய நிபந்தனை! அதை எடுத்துக்கொண்டவர்கள் குறைவே. ஆனாலும் அந்த வசதி கொடுக்கப்பட்ட குழுவில் பலன் நீடித்தது.

நடுவர் மிக முக்கியம். மனைவியோ மகனோ வேண்டாம், இரக்கப்படுவார்கள். எதிரியும் வேண்டாம். சிரித்துக்கொண்டே பணத்தை எடுத்துக்கொள்ளும் நேர்மையான நண்பர் வேண்டும்.

சீட்டில் சேருகிறவர்கள் பதிவு செய்யப்பட்ட சீட்டில் மட்டுமே சேர வேண்டும். பழக்கத்தைக் காக்கப் போட்ட பணத்தையே காக்க முடியாமல் போய்விடக் கூடாது.

இரண்டு தடவை தோற்றவர், மூன்றாம் தடவை தொகையைக் கூட்டுவதற்கு முன் வாக்கைக் குறைக்க வேண்டும். அரை மணி முடியவில்லையானால் பத்து நிமிஷம். குற்றம் மனத்தின் மேல் இல்லாமல் அளவின் மேலும் இருக்கலாம்.

திருநட்டாலத்தில்

சிவராத்திரி இரவு. திருநட்டாலத்தில் ஓட்டம் முடிகிறது. விசிறியை மடியில் வைத்துக்கொண்டு, வீங்கிய காலை நீட்டிப் பலர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது பணம் அல்ல. சொன்ன சொல். அந்தச் சொல்லை ஊர் கேட்டிருந்தது. அதற்கு ஒரு நாளும் குறித்திருந்தது.

இந்த மூன்றும் அமைந்தவர்களுக்குப் பணம் தேவைப்படாது. அமையாதவர்களுக்குச் சிறிது காலம் பணம் துணை நிற்கும். 250 ரூபாய்க்குப் பயந்து குடையோடு கிளம்பிய நடை, ஒரு நாள் அந்த 250 ரூபாயை மறந்து தானாகவே நடக்கத் தொடங்க வேண்டும்.

அன்றைக்குத்தான் அந்தப் பந்தயத்தில் உண்மையான ஜெயம்!